அமிலம், காரம்: எந்த வரையறையை எப்போது எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதியியல் பாடப்புத்தகத்தில் அமிலம், காரம் பற்றிய பாடத்தைத் திறந்தால் முதலில் அர்ரீனியஸின் வரையறை, அப்புறம் ப்ரான்ஸ்டட்–லவுரி, அடுத்த பக்கத்திலேயே லூயிஸ். மூன்று வரையறைகளையும் மனப்பாடம் செய்வது கடினமில்லை. ஆனால் ஒரு வினையைக் கொடுத்து "இதில் அமிலம் எது?" என்று கேட்டால் நன்றாகப் படிப்பவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். வேதியியல் படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, அந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன்.

அமிலம் என்றால் அமிலம்தானே? அதற்கு ஏன் இத்தனை வரையறைகள்?

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அமிலம் என்பதைப் புட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு போல நினைக்கிறோம். உண்மையில் அது, ஒரு வினையில் ஒரு பொருள் செய்யும் வேலையின் பெயர். அந்த வேலையை எதை வைத்து அடையாளம் காண்பது என்பதில்தான் வரையறைகள் பிரிகின்றன. தண்ணீரில் கரைத்த பிறகு என்ன அயனி கூடுகிறது என்று பார்க்கிறார் அர்ரீனியஸ். புரோட்டான் (அதாவது ஹைட்ரஜன் அயனி) யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்க்கிறார்கள் ப்ரான்ஸ்டட்டும் லவுரியும். எலக்ட்ரான் இரட்டையை யார் கொடுக்கிறார், யார் வாங்கிக்கொள்கிறார் என்று பார்க்கிறார் லூயிஸ்.

மூன்று கேள்விகளும் வேறு வேறு. அதனால் விடைகளும் சில இடங்களில் மாறும். ஒன்று சரி, மற்றவை தப்பு என்று இதற்குப் பொருள் இல்லை.

இவர்களுக்கு முன்னால் அமிலத்தை எப்படி அடையாளம் கண்டார்கள்?

நாக்கால்தான். அமிலம் என்ற சொல்லே புளிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பாயில், தாவரச் சாறுகளின் நிறம் அமிலத்திலும் காரத்திலும் வேறுவேறாக மாறுவதைக் கவனித்து எழுதினார். இவையெல்லாம் அறிகுறிகள்; காரணம் அல்ல.

காரணத்தைத் தேடியவர் லவாய்சியே. கந்தகம், பாஸ்பரஸ் போன்றவற்றை எரித்துக் கிடைக்கும் பொருள்கள் நீரில் அமிலமாகின்றன. ஆகவே எரித்தலில் சேரும் அந்த வாயுதான் அமிலத்தன்மைக்குக் காரணம் என்று முடிவுகட்டி, அதற்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள்படும் ஆக்சிஜன் என்ற பெயரைக் கொடுத்தார். 1810இல் ஹம்ஃப்ரி டேவி இதை உடைத்தார். இன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று நாம் அழைப்பதில் ஆக்சிஜன் துளியும் இல்லை, குளோரின் ஒரு தனிமம் என்று அவர் காட்டினார். பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1838இல் லீபிக், உலோகத்தால் இடப்பெயர்ச்சி செய்யக்கூடிய ஹைட்ரஜனைக் கொண்டதே அமிலம் என்றார். பார்வை ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜனுக்குத் திரும்பியது அப்போதுதான்.

அர்ரீனியஸ் வரையறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனியின் செறிவைக் கூட்டுவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியின் செறிவைக் கூட்டுவது காரம். இரண்டும் சேர்ந்தால் நீர் உண்டாகும். மிச்சமிருக்கும் அயனிகள் உப்பு.

மின்பகுளிகள் (கரைசலில் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள்) நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்தை ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் தொடங்கினார். ஆய்வேட்டுக்குக் கிடைத்ததோ குறைந்த தரம். அதே கருத்துக்காக 1903இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எந்த வலிமையான அமிலத்தை எந்த வலிமையான காரத்தோடு சேர்த்தாலும், நீர்த்த கரைசலில், ஒரு மோலுக்கு ஏறத்தாழ ஒரே அளவு வெப்பம் (சுமார் 57 கிலோஜூல்) வெளியாவது ஏன் என்பதற்கு இந்த வரையறை அழகான விடை தருகிறது. உண்மையில் நடப்பது ஒரே வினைதான்: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவது. மற்ற அயனிகள் வேடிக்கை பார்க்கின்றன.

பிறகு ஏன் அதைவிட்டு நகர வேண்டியிருந்தது?

முதல் காரணம், அது தண்ணீரை விட்டு வெளியே வராது. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் அமோனியா வாயுவும் காற்றில் சந்தித்தால் வெண்புகையாக அமோனியம் குளோரைடு உண்டாகிறது. நீரில் கரைத்துச் சேர்த்தாலும் அதே உப்புதான். ஒன்றை நடுநிலையாக்கல் என்றும் மற்றதை வேறு ஏதோ வினை என்றும் சொல்ல மனம் ஒப்புமா?

இரண்டாவது காரணம் அமோனியா. அதன் மூலக்கூறில் ஹைட்ராக்சைடு இல்லை, ஆனாலும் கரைசல் காரம். இதைச் சமாளிக்க அமோனியம் ஹைட்ராக்சைடு என்ற மூலக்கூறு முதலில் உண்டாகி, அது பிரிவதாக எழுதினார்கள். புட்டிகளின் சீட்டில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு தனிச் சேர்மத்தைக் கரைசலிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. கரைசலில் இருப்பதில் மிகப் பெரும்பகுதி வெறும் அமோனியாவும் நீரும்தான். 0.1 மோலார் கரைசலில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமான அமோனியா மூலக்கூறுகள் மட்டுமே அமோனியம் அயனியாக மாறியிருக்கும். வரையறையைக் காப்பாற்றுவதற்காக ஒரு மூலக்கூறைக் கற்பனை செய்ய நேர்ந்தால், மாற வேண்டியது வரையறைதான்.

கரைசலில் ஹைட்ரஜன் அயனி உண்மையிலேயே தனியாகத் திரிகிறதா?

இல்லை. ஹைட்ரஜன் அணுவிலிருந்து அதன் ஒரே எலக்ட்ரானை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் புரோட்டான். சாதாரண அயனியின் அளவோடு ஒப்பிட்டால் அது பல்லாயிரம் மடங்கு சிறியது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு முழு நேர்மின்சுமை குவிந்திருப்பதால், அருகில் எங்கே எலக்ட்ரான் இரட்டை இருக்கிறதோ அங்கே ஒட்டிக்கொள்ளும். நீரில் அது ஒரு நீர் மூலக்கூறோடு சேர்ந்து ஹைட்ரோனியம் ஆகிறது. அதைச் சுற்றி மேலும் சில நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் சூழ்ந்துகொள்கின்றன.

சமன்பாட்டில் வசதிக்காக ஹைட்ரஜன் அயனி என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் அமிலம் புரோட்டானைத் தானாக உதிர்ப்பதில்லை, வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தால்தான் கொடுக்கிறது என்பது மனதில் இருக்க வேண்டும். அடுத்த வரையறை முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது.

ப்ரான்ஸ்டட்–லவுரி வரையறையில் புதிதாக என்ன இருக்கிறது?

1923இல் கோபன்ஹேகனில் ப்ரான்ஸ்டட்டும் இங்கிலாந்தில் லவுரியும் தனித்தனியாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். புரோட்டானை வழங்குவது அமிலம், ஏற்பது காரம். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் இதில் இரண்டு பெரிய மாற்றங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, அமிலமும் காரமும் இனித் தனித்தனியாக இல்லை. ஒன்றில்லாமல் மற்றது வேலை செய்யாது. ஹைட்ரஜன் குளோரைடு நீரில் கரையும்போது நீர் வெறும் மேடை அல்ல, அது புரோட்டானை வாங்கும் காரம்.

இன்னொன்று, புரோட்டானைக் கொடுத்த பிறகு மிஞ்சுவது, அதைத் திரும்ப வாங்கக்கூடிய ஒன்று. அதாவது ஒவ்வொரு அமிலத்துக்கும் ஓர் இணை காரம் உண்டு. அசிட்டிக் அமிலத்துக்கு அசிட்டேட் அயனி. அமோனியம் அயனிக்கு அமோனியா. கொடுக்க மிகவும் தயாராக இருக்கும் அமிலத்தின் இணை காரம், திரும்ப வாங்க ஆர்வம் காட்டாது. இதனால் வினை எந்தப் பக்கம் போகும் என்று கணக்கிட முடிகிறது. அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண் பிகேஏ; அது சிறியதாக இருந்தால் அமிலம் வலிமையானது. 25 டிகிரி செல்சியஸில் அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு 4.76, அமோனியம் அயனிக்கு 9.25. வித்தியாசம் சுமார் 4.5. ஆகவே அசிட்டிக் அமிலமும் அமோனியாவும் நீரில் சேரும்போது சமநிலை மாறிலி (வினை எவ்வளவு தூரம் முன்னோக்கிச் செல்லும் என்பதைக் காட்டும் எண்) ஏறக்குறைய 30,000. வினை பெரும்பாலும் முன்னோக்கியே செல்லும். இரண்டுமே 'வலிமை குறைந்தவை' என்பதால் வினை பாதியில் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒவ்வொன்றின் வலிமையைத் தனியாகப் பார்க்காமல், இரண்டு இணைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

சோடியம் கார்பனேட் கரைசல் ஏன் காரமாக இருக்கிறது என்பதற்கும் இனி தனி விளக்கம் வேண்டாம். கார்பனேட் அயனி நீரிடமிருந்து புரோட்டானை வாங்குகிறது, அவ்வளவுதான்.

நீர் அமிலமா, காரமா?

ஒருவரே ஒருவருக்கு அண்ணன், இன்னொருவருக்குத் தம்பி. அதைப் போலத்தான். ஹைட்ரஜன் குளோரைடுக்கு முன்னால் நீர் காரம். அமோனியாவுக்கு முன்னால் அமிலம். ஒரு நீர் மூலக்கூறு இன்னொரு நீர் மூலக்கூறுக்கே புரோட்டானைக் கொடுப்பதும் நடக்கிறது. 25 டிகிரியில் ஹைட்ரோனியம், ஹைட்ராக்சைடு இரண்டின் செறிவுகளைப் பெருக்கினால் 10⁻¹⁴ வருவது அதனால்தான்.

இங்கே ஒரு துணைக்கேள்வியும் வரும்: பிஎச் (கரைசல் எவ்வளவு அமிலமானது என்பதைக் காட்டும் எண்) 7 என்றால் எப்போதும் நடுநிலையா? இல்லை, அது 25 டிகிரிக்கு உரிய எண். 100 டிகிரியில் தூய நீரின் பிஎச் சுமார் 6.1. ஆனாலும் இரண்டு அயனிகளும் சம அளவில் இருப்பதால் அது நடுநிலைதான்.

நைட்ரிக் அமிலம் காரமாக நடக்குமா?

நடக்கும். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது. அடர் சல்ஃபூரிக் அமிலத்தில் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்தால், வலிமை மிகுந்த சல்ஃபூரிக் அமிலம் புரோட்டானை வழங்க, நைட்ரிக் அமிலம் வாங்கிக்கொள்கிறது. அதாவது அங்கே அது காரம். பிறகு ஒரு நீர் மூலக்கூறை இழந்து நைட்ரோனியம் அயனியாகிறது. பென்சீனை நைட்ரோபென்சீனாக மாற்றுவது அந்த அயனிதான். கரிம வேதியியலில் 'நைட்ரோ ஏற்றம்' என்று படிக்கும் வினையின் முதல் படி ஓர் அமில–கார வினை. பெயரில் அமிலம் இருந்தும் வேலையில் காரம்.

வலிமையான அமிலம், வலிமை குறைந்த அமிலம் என்பது பொருளின் நிலையான குணமா?

கரைப்பானைச் சேர்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. நீரில் ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், பெர்குளோரிக் அமிலங்கள் எல்லாமே முழுமையாகப் பிரிந்துவிடும். ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாது. நீர் அவை எல்லாவற்றிடமிருந்தும் புரோட்டானை முழுவதுமாக வாங்கிவிடுவதால் எல்லாம் ஹைட்ரோனியத்தின் வலிமைக்கு இறங்கிவிடுகின்றன. இதற்குச் சமப்படுத்தும் விளைவு என்று பெயர். புரோட்டானை வாங்க அவ்வளவு விரும்பாத தூய அசிட்டிக் அமிலத்தைக் கரைப்பானாக எடுத்தால், பெர்குளோரிக் அமிலம் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பது தெரியும். மறுபக்கம், திரவ அமோனியாவில் அசிட்டிக் அமிலம்கூட வலிமையான அமிலம்.

லூயிஸ் வரையறை எதற்காக? புரோட்டான் போதாதா?

அதே 1923இல் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் வேறு வழியில் யோசித்தார். ஹைட்ரஜன் இருந்தால்தான் அமிலம் என்று கட்டுப்படுத்துவது, ஆக்சிஜன் இருந்தால்தான் ஆக்சிஜனேற்றி என்று கட்டுப்படுத்துவதைப் போன்ற தடை என்பது அவருடைய வாதம். எலக்ட்ரான் இரட்டையை ஏற்பது அமிலம், வழங்குவது காரம் என்றார்.

போரான் டிரைஃபுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனே இல்லை. போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்கள் மட்டுமே; எண்மம் (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள்) நிறைய இன்னும் ஓர் இரட்டை வேண்டும். அமோனியாவின் நைட்ரஜனில் ஒரு தனித்த இரட்டை சும்மா இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஈதல் சகப்பிணைப்பு, அதாவது இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணு தரும் பிணைப்பு, உண்டாகிறது. புரோட்டானும் அமோனியாவும் சேர்வதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: அமோனியா செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றேதான்.

1938இல் லூயிஸ் இதற்குச் சோதனைச் சான்றுகளோடு திரும்பி வந்தார். நீரில்லாத கரைப்பான்களில் போரான் டிரைகுளோரைடு போன்றவையும் நிறங்காட்டிகளின் நிறத்தை வழக்கமான அமிலங்களைப் போலவே மாற்றுகின்றன. 'எலக்ட்ரான் இரட்டை என்பது வெறும் தாளில் வரையும் புள்ளிகள்' என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அப்படியானால் ஹைட்ரஜன் குளோரைடு லூயிஸ் அமிலமா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். "லூயிஸ் வரையறை மற்ற இரண்டையும் உள்ளடக்கியது" என்ற வாக்கியம் பல இடங்களில் வருகிறது. முழு உண்மை அதைவிடச் சற்றுச் சிக்கலானது.

ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறில் எலக்ட்ரான் இரட்டையை ஏற்க வசதியான காலி இடம் இல்லை. ஹைட்ரஜனின் இரண்டு எலக்ட்ரான் இடங்களும் நிரம்பியவை. லூயிஸ் பார்வையில் அமிலம் என்பது அந்தப் புரோட்டான்தான். ஹைட்ரஜன் குளோரைடு என்பது, புரோட்டான் என்ற அமிலமும் குளோரைடு என்ற காரமும் ஏற்கெனவே சேர்ந்து உண்டான சேர்க்கை. அமோனியா வரும்போது குளோரைடை விலக்கிவிட்டுப் புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது. வலிமையான காரம் வலிமை குறைந்த காரத்தை இடம்பெயர்க்கிறது. ஆகவே 'ப்ரான்ஸ்டட் அமிலங்கள் எல்லாம் லூயிஸ் அமிலங்கள்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாது. ப்ரான்ஸ்டட் அமிலம் என்பது லூயிஸ் அமிலமான புரோட்டானைச் சுமந்து வந்து கொடுப்பது என்றால் சரியாக இருக்கும்.

காரங்களில் இந்தத் தொல்லை இல்லை. புரோட்டானைப் பிடிக்க ஓர் எலக்ட்ரான் இரட்டை வேண்டும். எனவே ப்ரான்ஸ்டட் காரங்கள் எல்லாமே லூயிஸ் காரங்கள்.

போரிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. அது மூன்று புரோட்டான்களைக் கொடுக்குமா?

தன்னுடையதில் ஒன்றைக்கூடக் கொடுப்பதில்லை. போரான், நீரிலுள்ள ஆக்சிஜனின் எலக்ட்ரான் இரட்டையை ஏற்கிறது. அப்படி ஒட்டிக்கொண்ட நீர் மூலக்கூறு ஒரு புரோட்டானை இன்னொரு நீருக்குக் கொடுக்கிறது. வாய்பாட்டில் மூன்று ஹைட்ரஜன் இருந்தும் அது ஒருகாரத்துவ அமிலம் (ஒரு மூலக்கூறுக்கு ஒரே ஒரு புரோட்டான்), பிகேஏ சுமார் 9.2. வாய்பாட்டைப் பார்த்து ஹைட்ரஜனை எண்ணுபவர்கள் தவறாமல் விழும் பள்ளம் இது.

இரும்பு(III) குளோரைடு ஓர் உப்பு. அதன் கரைசல் ஏன் அமிலமாக இருக்கிறது?

இரண்டு வரையறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் இடம் இது. மூன்று நேர்மின்சுமை கொண்ட சிறிய இரும்பு அயனி ஆறு நீர் மூலக்கூறுகளின் எலக்ட்ரான் இரட்டைகளை ஏற்று அணைவு அயனியாகிறது. இதுவரை லூயிஸ். அந்த இழுப்பால் நீர் மூலக்கூறுகளில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு தளர்கிறது, வெளியே உள்ள நீருக்குப் புரோட்டான் போகிறது. இது ப்ரான்ஸ்டட். அந்த அணைவு அயனியின் பிகேஏ சுமார் 2.2. அசிட்டிக் அமிலத்தைவிட வலிமையான அமிலம்! கார்பன் டைஆக்சைடு கரைந்த நீர் அமிலமாவதும் இதே வரிசைதான்: முதலில் கார்பன் எலக்ட்ரான் இரட்டையை ஏற்கிறது, பிறகு புரோட்டான் கைமாறுகிறது.

லூயிஸ் வரையறைதான் மிகப் பரந்தது என்றால், அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே?

பரந்தது என்பதற்காகச் சிறந்தது என்று ஆகிவிடாது. ப்ரான்ஸ்டட் வரையறையில் எல்லா அமிலங்களும் ஒரே பொருளைத்தான் கொடுக்கின்றன. எனவே ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்த முடியும். லூயிஸில் அப்படி ஒரு பொது அளவுகோல் கிடையாது. எந்தக் காரத்தை எதிரில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வரிசையே மாறும்.

சில்வர் ஃபுளோரைடு நீரில் நன்றாகக் கரைகிறது. சில்வர் அயோடைடு கரைவதில்லை. சில்வர் அயனி அயோடைடைத்தான் இறுகப் பிடிக்கிறது. அலுமினியம் அயனியோ ஃபுளோரைடைத் தேடுகிறது. 1963இல் ரால்ஃப் பியர்சன் இதை ஒழுங்குபடுத்தினார்: சிறிய, மின்சுமை அடர்ந்த கடின அமிலங்கள் கடின காரங்களை விரும்பும், பெரிய, எளிதில் முனைவுறும் (எலக்ட்ரான் மேகம் எளிதில் உருமாறும்) மென் அமிலங்கள் மென் காரங்களை விரும்பும். அலுமினியம் இயற்கையில் ஆக்சைடாகவும் பாதரசம் சல்ஃபைடாகவும் கிடைப்பதற்கும் இதுவே துணைபுரியும் விளக்கம்.

வேறு வரையறைகளும் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. கரைப்பான் அமைப்பு வரையறையில், கரைப்பானே பிரிந்து தரும் நேர்மின் அயனியைக் கூட்டுவது அமிலம், எதிர்மின் அயனியைக் கூட்டுவது காரம். திரவ அமோனியாவில் அமோனியம் குளோரைடு அமிலம், சோடியம் அமைடு காரம். லக்ஸ்–ஃபிளட் வரையறை உருகிய ஆக்சைடுகளுக்கானது: ஆக்சைடு அயனியைக் கொடுப்பது காரம், ஏற்பது அமிலம். ஊதுலையில் கால்சியம் ஆக்சைடும் சிலிக்காவும் சேர்ந்து கசடாவதை இது நேர்த்தியாக விளக்குகிறது. உசனோவிச் வரையறை எலக்ட்ரான் மாற்றத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அதில் சோடியமும் குளோரினும் சேர்வதுகூட அமில–கார வினை. எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிட்டால் 'அமிலம்' என்ற சொல்லால் எதையும் பிரித்துக் காட்ட முடியாது. அதனால் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

காரம், எரிகாரம் இரண்டும் ஒன்றா?

இல்லை. நீரில் கரையும் காரங்கள் மட்டுமே எரிகாரங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டும்; காப்பர் ஆக்சைடு காரம் மட்டும்.

ஒரு கணக்கைப் பார்த்ததும் எந்த வரையறையை எடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

நீர்க்கரைசல், தரம்பார்த்தல் (செறிவு தெரிந்த கரைசலைச் சேர்த்து மற்றதன் செறிவைக் காண்பது), உப்பு உண்டாதல் என்றால் அர்ரீனியஸே போதும். பிஎச், தாங்கல் கரைசல் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்), சமநிலை எந்தப் பக்கம் என்ற கேள்விகளுக்கு ப்ரான்ஸ்டட். அணைவுச் சேர்மங்கள், அலுமினியம் குளோரைடு வினையூக்கியாக வரும் கரிம வினைகள், ஹைட்ரஜனே கண்ணில் படாத வினைகள் என்றால் லூயிஸ். சந்தேகம் வந்தால் வினைக்கு முன்னும் பின்னும் உள்ள வாய்பாடுகளை அருகருகே எழுதி, எது இடம் மாறியது என்று பாருங்கள். ஒரு புரோட்டான் இடம் மாறியிருந்தால் ப்ரான்ஸ்டட்டின் மொழியில் பேசுங்கள். புதிதாக ஓர் ஈதல் பிணைப்பு மட்டும் உண்டாகியிருந்தால் லூயிஸின் மொழியில் பேசுங்கள்.

மீஅமிலங்கள் எந்த வரையறையில் வரும்?

ப்ரான்ஸ்டட், லூயிஸ் இரண்டிலும். தூய சல்ஃபூரிக் அமிலத்தைவிட வலிமையானவை மீஅமிலங்கள். ஹைட்ரஜன் ஃபுளோரைடோடு ஆண்டிமனி பென்டாஃபுளோரைடைச் சேர்த்தால், லூயிஸ் அமிலமான ஆண்டிமனி சேர்மம் ஃபுளோரைடு அயனியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புரோட்டானைத் திரும்ப வாங்க நல்ல காரம் எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால் அந்தப் புரோட்டான், வழக்கமாக எதையும் வாங்காத ஹைட்ரோகார்பன்களின் மேல்கூடப் போய் ஏறுகிறது. இப்படிப்பட்ட மீஅமிலங்களில்தான், நொடியில் மறைந்துவிடும் கார்பன் நேர்மின் அயனிகளை ஜார்ஜ் ஓலா நிலைநிறுத்தி ஆராய்ந்தார். 1994இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.